கம்பிக்குக் கீழே எவ்வளவு இடம்? சாரதிகள் லொறியின் உயரத்தை அறியும் விதம்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நெல் ஏற்றும் ஒரு லொறிச் சாரதியிடம் எத்தனை மூடை ஏறியிருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். பாரம் எத்தனை தொன் என்றாலும் சொல்வார். பொலிஸ் மறித்தால் பேச்சு அதில்தான் தொடங்கும். உயரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எண் வராது. லொறியின் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வழமையா ஏத்துற அளவுதான்" என்பார்.

இதை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. அந்த "வழமை"க்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் மனதில் வைத்திருப்பது வண்டியின் உயரத்தை விட, தான் போகும் வீதியில் எது எங்கே தாழ்ந்து கிடக்கிறது என்பதைத்தான். எந்தச் சந்தியில் வீட்டுக்கு இழுத்த மின்கம்பி வீதியைக் குறுக்கே கடக்கிறது, எந்தப் புளியமரத்தின் கிளை இடப்பக்கமாக நீண்டிருக்கிறது, எந்த மில்லின் வாசல் வளைவுக்குள் எத்தனை அடுக்கு மூடையுடன் நுழையலாம் என்பதெல்லாம் பழக்கத்தில் பதிந்திருக்கும். ஏற்றும்போதே அந்த வீதிக்கு ஏற்ற மாதிரி அடுக்கை நிறுத்திக்கொள்வார்கள். தெரிந்த பாதையில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. பாதை மாறும்போதும் சரக்கு மாறும்போதும்தான் அது கைவிடுகிறது.

இரண்டு மாவட்டங்களின் தரையமைப்பும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம். கரையோரம் முழுக்கச் சமவெளி. சுரங்கப்பாதை இல்லை. ரயில் பாதை வீதியைக் கடக்கும் இடங்களில் பெரும்பாலும் கடவைதான்; இலங்கையில் ரயில்கள் டீசலில் ஓடுவதால் கடவைக்கு மேலே மின்கம்பியும் கிடையாது. தமிழ்நாட்டில் மின்மயமான பாதைகளின் கடவைகளுக்கு முன்னால் உயரத் தடுப்புச் சட்டம் நிற்கும். அதை இங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாலங்கள் நிறைய உண்டு, ஆனால் எல்லாம் வாவிக்கும் ஆற்றுக்கும் மேலே போகிற பாலங்கள். 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கும் வரை, 1920களில் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் ஒற்றை வழியில்தான் காத்திருந்து கடக்க வேண்டியிருந்தது. அங்கேயும் அகலமும் பாரமும்தான் பேச்சு. சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் அம்பு போட்டு மீற்றரில் எழுதிய உயரப் பலகையைப் பார்க்காமலே இங்கே ஒருவர் வருடக்கணக்கில் லொறி ஓட்டிவிடலாம்.

அப்படியானால் இங்கே மேலே தட்டுவது எது? முதலில் கம்பிகள். இலங்கை மின்சார சபையின் பெரிய லைன்கள் உயரத்தில் போகின்றன. கிராமப்புறத்துக்கு மின்சாரம் கொண்டுவருவது பெரும்பாலும் 33 கிலோவோல்ட் லைன். பீங்கான் தாங்கிகளில், தூணின் உச்சியில். அதற்குக் கீழே வீதி விளக்குக்கும் வீடுகளுக்கும் போகும் 230, 400 வோல்ட் லைன். அதற்கும் கீழே தொலைபேசிக் கம்பி, இணையத்துக்கு இழுத்த ஃபைபர் கேபிள், யாரோ எப்போதோ இழுத்துவிட்டு மறந்துபோன கேபிள் டிவி வயர். லொறியில் அதிகம் சிக்குவது இந்தக் கீழ்த்தட்டுச் சரக்குகளும், எதிர்ப்பக்க வீட்டுக்கு வீதியைத் தாண்டிப் போகும் மின்வயரும்தான்.

கம்பிக்கு நிலையான உயரம் கிடையாது என்பதுதான் பெரிய சிக்கல். அலுமினியம் சூட்டில் நீளும். இரண்டு தூண்களுக்கு இடையே 50 மீற்றர் கம்பி 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், கணக்குப்படி ஏறக்குறைய மூன்றரை சென்ரிமீற்றர் நீளும். அது சிறிய அளவுதான். ஆனால் நீளத்தில் சிறிது கூடினாலே நடுவில் தொய்வு அதைப்போலப் பல மடங்கு கூடிவிடும். காலை ஆறு மணிக்குத் தாராளமாகக் கடந்த அதே கம்பி, சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தாழ்ந்து நிற்கும். தென்னோலை விழுந்து கிடந்தாலோ, மாரி வெள்ளத்தில் தூணின் அடி இளகிச் சாய்ந்தாலோ நேற்றைய நினைவு இன்றைக்கு உதவாது.

திருவிழாக் காலத்தில் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்ளும். கோயில் வீதிகளில் மின்விளக்குச் சரங்கள், பள்ளிவாசல் கந்தூரிக்கு வீதிக்குக் குறுக்கே கொடிகள், ஊர் வாசலில் தற்காலிக வளைவு. தேர் இழுக்கும்போது வழியிலுள்ள லைனை நிறுத்தி, கழற்ற வேண்டியதைக் கழற்றிக் கொடுக்க ஆள் வரும். வைக்கோல் லொறிக்கு அப்படி யாரும் முன்னால் வரமாட்டார்கள்.

இனி உள்ளூர் முறைகளுக்கு வருவோம். மூடைகளில் அடுக்குக் கணக்குத்தான் அளவுகோல். லொறியின் தட்டு தரையிலிருந்து 4 அடி, கிடையாகப் போட்ட மூடை ஒரு அடுக்குக்கு முக்கால் அடி என்று வைத்தால், பத்து அடுக்குக்கு பதினொன்றரை அடி. மேலே படங்கு, கயிற்று முடிச்சு, சிலநேரம் உச்சியில் நீளவாக்கில் போட்ட கடைசி வரிசை. இதையெல்லாம் சேர்த்தால் 12 அடியைத் தாண்டும். மூடை ஒரே அளவு என்பதால் இந்தக் கணக்கு ஓரளவு நம்பத் தகுந்தது. ஹிங்குரான சீனி ஆலைக்குக் கரும்பு ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. மேல்வரிசைக் கரும்பு எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அதுதான் உயரம்.

வைக்கோல் எல்லாவற்றையும் விடப் பொல்லாதது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அறுவடை முடிந்து ஏற்றும்போது, தட்டுக்கு வெளியே இருபக்கமும் பிதுங்கி, மேலே குவிந்து நிற்கும். ஓடும்போது குலுங்கி அடங்கும், கயிறு தளரும், தளர்ந்தால் ஒரு பக்கம் சரியும். அப்போது எதிர்ப்பக்கத்தின் விளிம்பு உயரும். உச்சி எது என்று அதற்கே தெரியாது. வைக்கோல் லொறி மின்கம்பியில் உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி அறுவடைக் காலத்தில் பத்திரிகைகளில் வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்காகத்தான் கிளீனர் இருக்கிறார். சந்தேகமான இடத்தில் லொறி நின்றுவிடும். கிளீனர் இறங்கிப் பத்திருபது அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, "வரட்டும், வரட்டும்… காக்கா, நில்லுங்க! வயர் தட்டுது" என்று வழிநடத்துவார். பக்கவாட்டில் நிற்பது முக்கியம். நேர் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் கிட்ட இருக்கும் கம்பி உயரமாகவும் தள்ளி நிற்கும் சரக்கு தாழ்வாகவும் தெரியும். சாரதியின் ஆசனத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம், அவருக்குத் தன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

கிளீனரைச் சரக்கின் மேலே ஏற்றி, நீளத் தடியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. இதை எந்த நியாயமும் சொல்லிக் காப்பாற்ற முடியாது. தொலைபேசி வயர்தானே என்று நினைத்துத் தொட்டது மேலே எங்கோ மின்வயரில் அறுந்து உரசிக்கொண்டிருக்கலாம். தடி காய்ந்ததா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. 33 கிலோவோல்ட் லைன் என்றால் தொடவே தேவையில்லை, நெருங்கினாலே பாயும்.

சரி, இதெல்லாம் பழகிய வீதிக்கு. செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாக பதுளைக்கோ, பதியத்தலாவை, மகியங்கனை தாண்டி 18 வளைவுகள் ஏறிக் கண்டிக்கோ போகும்போது மரக்கிளையும் வளைவில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும் வரும். மனம்பிட்டி, பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குப் போனால் மேம்பாலம், ரயில் பாலம், களஞ்சியக் கூரை, அடுக்குமாடிக் கட்டடத்தின் வாகன வாசல். அங்கே "வழமையான அளவு" என்பது யாருடைய வழமை? அங்கே பலகையில் ஒரு எண் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க உங்களிடமும் ஒரு எண் இருக்க வேண்டும்.

எண் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. இருவர், ஒரு அளவு நாடா, ஒரு நேரான சலாகை, கயிற்றில் கட்டிய தூக்குக் குண்டு, முடிந்தால் கொத்தனாரின் ரசமட்டம். ஏற்றி, படங்கு மூடி, கயிறு இறுக்கிக் கட்டிய பிறகுதான் அளக்க வேண்டும்; பாதியில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. இடம் சமதளமாக இருக்க வேண்டும். உச்சியான இடத்தில் சலாகையைக் கிடையாக வைத்து, அதன் நுனி சரக்குக்கு வெளியே நீட்டி நிற்கும்படி பிடித்து, நுனியிலிருந்து தூக்குக் குண்டைத் தரைக்கு இறக்கி அந்தக் கயிற்றின் நீளத்தை அளந்தால் உயரம் கிடைக்கும். சலாகை கிடையாக இருக்கிறதா என்பதில்தான் ஆட்கள் தவறுவார்கள். 3 மீற்றர் சலாகை வெறும் 3 பாகை சரிந்திருந்தால் நுனியில் 15 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். நுனி கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் லொறி உண்மையை விடக் குட்டையாகத் தெரியும். அதனால்தான் ரசமட்டம்.

உச்சி எது என்பதையும் யோசிக்க வேண்டும். மூடை லொறியில் பின்பக்கம் உயர்ந்திருக்கும், கொன்டெய்னரில் முன்மூலை. நெல் வெட்டும் மெசினை ஏற்றினால், மழை வெயிலுக்கென்று உரிமையாளர் பின்னால் சேர்த்துக்கட்டிய தகரக் கூரையோ, நெல் கொட்டும் குழாயோ உச்சியாக இருக்கும். போகத்துக்குப் போகம் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் இந்த மெசின்கள்தான் எனக்குத் தெரிந்தவரை இங்கே ஓடும் சரக்குகளில் மிகவும் ஏமாற்றக்கூடியவை. ஏறக்குறைய 9 அடி மெசினை மூன்றரை அடித் தட்டில் ஏற்றினால் 12 அடி 6 அங்குலம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். கூரையும் பூட்டாத குழாயும் அந்தக் கணக்கில் இருக்காது.

மெல்லிய நீளத் தடி ஒன்றில் அடையாளம் போட்டு அளப்பவர்களும் உண்டு. அது லொறிக்கு நல்லது, வீதிக்கு ஆகாது. தடி சாய்ந்திருந்தால் எப்போதும் உண்மையை விடக் கூடுதலான அளவையே காட்டும். லொறியை அளக்கும்போது கூடுதலாகக் காட்டினால் எச்சரிக்கையாக இருப்போம், நட்டமில்லை. அதே தடியால் ஒரு வளைவின் இடைவெளியை அளந்தால் இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லும். 10 பாகை சாய்வில் நாலரை மீற்றரில் 7 சென்ரிமீற்றர் பொய் வரும்.

அடுத்தது மீற்றரும் அடியும். பலகை மீற்றரில், நம் ஆட்களின் பேச்சு அடியில். 4.5 மீற்றர் என்பது 14 அடி 9 அங்குலம். 4.2 மீற்றர் 13 அடி 9 அங்குலம். ஆபத்து வருவது புள்ளியில். 14 அடி 11 அங்குல லொறியை ஒருவர் துண்டுச் சீட்டில் 14.11 என்று எழுதுகிறார். இன்னொருவர் அதை அப்படியே கைபேசியில் தட்டி மீற்றருக்கு மாற்றினால் 4.30 வரும். உண்மை 4.55. ஒரு எழுத்துப் பிசகில் லொறி 25 சென்ரிமீற்றர் குட்டையாகிவிட்டது. அடியும் அங்குலமும் எழுதினால் இரண்டையும் தனித்தனியே, சொல்லால் எழுதுவதுதான் சரி.

கொன்டெய்னருக்கும் ஒரு எண் கவனம் தேவை. சாதாரணமானது 8 அடி 6 அங்குல உயரம், உயரம் கூடியது 9 அடி 6 அங்குலம். அகலமும் நீளமும் ஒன்றுதான், ஓட்டுபவரின் ஆசனத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். உயரம் கூடியதன் மேல்மூலைகளில் மஞ்சள் கறுப்புக் கோடுகளும் பக்கத்தில் 9 அடி 6 அங்குலம் என்ற குறிப்பும் இருக்கும். ரெயிலரின் தட்டு 4 அடி 10 அங்குலம் என்றால் ஒன்றுக்கு 13 அடி 4, மற்றதற்கு 14 அடி 4. இன்னொன்று: சரக்கு இறக்கியபின் வில்லுப் பட்டைகள் நிமிர்ந்து வண்டி சில அங்குலம் உயரும். பாரத்தோடு கடந்த இடத்தில் வெறும் கொன்டெய்னரோடு திரும்பும்போது தட்டியது என்றால் பாலம் தாழ்ந்துவிடவில்லை.

பாலம் தாழாவிட்டாலும் வீதி உயரலாம். பழைய தார் மேல் புதிய தார் 5 சென்ரிமீற்றர் போட்டால், பலகையை யாரும் மாற்றாத வரை 2 அங்குலம் காணாமல் போகும். வீதியின் வடிவமும் கணக்கில் வரும். பாலத்துக்குக் கீழே வீதி குழிந்து இறங்கி ஏறினால், நீளமான ரெயிலரின் முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்க, நடுப்பகுதி தரையிலிருந்து விலகித் தூக்கி நிற்கும். குழிவின் ஆரை 100 மீற்றர், சக்கரங்களுக்கிடையே 10 மீற்றர் என்றால் 12.5 சென்ரிமீற்றர் உயர்வு. 5 மீற்றர் மட்டும் உள்ள சாதாரண லொறிக்கு அது 3 சென்ரிமீற்றர்தான். முன்னால் போன லொறி தட்டாமல் போனதென்று பின்னால் ரெயிலரை விடுவது இதனால்தான் பிழைக்கிறது.

பக்கவாட்டுச் சரிவு உள்ளூர் வீதிகளில் அன்றாடம் காண்பது. தண்ணீர் வடிய வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். 100க்கு 3 என்ற சரிவில் நாலரை மீற்றர் உயரத்தின் உச்சி 13 சென்ரிமீற்றர் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். எதிரே பஸ் வர ஓரம் கட்டும்போது கிளையும் விளக்குத் தூணும் தட்டுவது அதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் காத்திருந்து வீதியின் நடுவால் போவதுதான் அனுபவமுள்ளவர்கள் செய்வது.

இதற்கெல்லாம் சேர்த்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? தனி ஒரு எண் சொல்வது சிரமம். பிரித்தானியாவில் பாலத்தின் பலகையில் உண்மையான இடைவெளியை விடக் குறைந்தது 3 அங்குலம் குறைத்தே எழுதுகிறார்கள். அங்கே 3 மீற்றருக்கு மேற்பட்ட வாகனங்களில் சாரதிக்குத் தெரியும்படி உயரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது உச்சவரம்பு 4 மீற்றர், அமெரிக்காவின் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம். சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல இடைவெளியோடு இருந்த ஒரு ரயில் பாலம் உலகப் புகழ் பெற்றது, லொறிகளின் கூரையை உரித்து எடுப்பதற்காகவே. பலகை, மின்னும் விளக்கு, உயரமான வண்டி வந்தால் சிவப்பாகும் சமிக்ஞை எல்லாம் வைத்தார்கள். 2019இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே மாட்டுபவர்களில் பலர் வாடகைக்கு லொறி எடுத்து வீட்டுச் சாமான் ஏற்றுபவர்கள். தங்கள் வண்டியின் உயரத்தை ஒருமுறைகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்களுக்குப் பலகையில் உள்ள எண் எதைச் சொல்லும்?

நம் பக்கத்தில் செலவில்லாமல் செய்யக்கூடியது, வெறும் வண்டியின் உயரத்தை ஒருமுறை ஒழுங்காக அளந்து கண்ணாடிக்கு மேலே பெயின்ட்டில் எழுதி வைப்பது. தட்டின் உயரத்தையும் சேர்த்து எழுதினால், அதற்குமேல் வரும் சரக்கை மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். மில்காரர்கள் தங்கள் வாசல் வளைவில் அடியிலும் மீற்றரிலும் எழுதி வைத்தால் பாதித் தகராறு குறையும். பெற்றோல் செட் கூரைகளில் சில இடங்களில் ஏற்கனவே எழுதியிருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதில் வளைவும் கம்பியும் ஒன்றல்ல. வளைவில் இறுகிவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உதைத்து இழுப்பதைவிட டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பின்னால் எடுப்பது பழைய, நல்ல வழி. சில அங்குலம் கிடைக்கும். பிறகு காற்றடிக்கும் இடம் வரை மெதுவாகத்தான் போக வேண்டும்.

மின்கம்பி பட்டுவிட்டால் சாரதி உள்ளேயே இருக்க வேண்டும். வண்டி ஓடுமென்றால் கம்பியிலிருந்து விலகும்படி பின்னால் எடுக்கலாம். இல்லாவிட்டால் அசையாமல் இருந்து, வெளியே நிற்பவர்களைக் குறைந்தது 10 மீற்றர் தூரம் விலகச் சொல்லி, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைக்கச் செய்ய வேண்டும். வைக்கோல் தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, சேர்ந்த கால்களை நிலத்திலிருந்து தூக்காமல் நகர்த்தி நகர்த்தி விலக வேண்டும். அகலக் கால் வைத்தால் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் உண்டாகி உடலுக்குள் மின்சாரம் பாயும். பொறி பறந்து சத்தம் அடங்கிவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று நம்பித் திரும்பிப் போகக்கூடாது. பெரிய லைன்களில் தடைப்பட்ட மின்சாரத்தைச் சில விநாடிகளில் தானாகவே மீண்டும் கொடுத்துப் பார்க்கும் கருவிகள் இருக்கும். லைன் செத்துவிட்டது என்று மின்சார சபை ஆட்கள் வந்து சொல்லும்வரை அந்த லொறிக்குக் கிட்டப் போக வேண்டியவர் யாருமில்லை.